எழுதிவிட்டு ஆடுகிறவள்

ஏப்ரல் 27, திங்கள்

லீவு கிடைத்துவிட்டது! டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எதுக்கும்மா ஒரு வாரம்?" என்றார். திண்டுக்கல்லில் மாநிலப் பெண்கள் செஸ் போட்டி என்றேன். "உங்க பொண்ணு ஆடுதா?" என்றார். நான்தான் ஆடுகிறேன் என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். லேபில் என் வேலையை மஞ்சு பார்த்துக்கொள்வாள். ரத்தம் எடுக்க அவளுக்கு லேசில் நரம்பு கிடைக்காது. கோபிசெட்டிபாளையம் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

நாற்பத்தொரு வயதில் இது எதற்கு என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நானே எழுதி வைக்கிறேன்: சும்மாதான். கல்யாணத்துக்கு முன்பு ஆடிய கை, அரிக்கிறது. முதல் நான்கு இடங்களில் வருகிறவர்கள் டிசம்பரில் தேசியப் போட்டிக்கு வடக்கே போவார்களாம். அந்த ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது.

மே 2, சனி

ஈரோட்டில் உள்பாவாடைத் துணி எடுக்கப் போனேன். ஒரு ஸ்வெட்டரும் வாங்கினேன். தள்ளுபடியில் போட்டிருந்தான், வேறொன்றுமில்லை.

மே 4, திங்கள், திண்டுக்கல்

போட்டி நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தில். நேற்று முகூர்த்தம் போலிருக்கிறது, வாசலில் வாழைமரம் இன்னும் வாடவில்லை. கீழே வரிசையாக மேஜைகள். முன்னணியில் இருக்கிறவர்களின் மூன்று பலகைகள் மட்டும் மேலே, மணமேடையில், பிளாஸ்டிக் ரோஜா வளைவுக்குக் கீழே. முதல் ரவுண்டில் எனக்கு இடம் சமையல்கட்டுக் கதவோரம். எதிரே ஒன்பதாவது படிக்கிற பெண். சாம்பார் தாளிக்கும் சத்தத்தில் அவள் என் ராணியைப் பிடித்தாள். தோற்றேன்.

தோற்றதைவிட இன்னொன்று எரிச்சல். நாங்கள் ஆடிய காலத்தில் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். மனதில் நகர்வை முடிவு செய்ததும் முதலில் தாளில் எழுது, பலகையை இன்னொரு முறை பார், பிறகு காயைத் தொடு. அவசரத்துக்கு அது ஒரு கடிவாளம். இப்போது அது குற்றமாம்! முதலில் ஆட வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். நடுவர் ஞானசேகர் குனிந்து, "மேடம், எழுதிட்டு ஆடக் கூடாது. இது எச்சரிக்கை. இன்னொரு தடவை செஞ்சா எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலாக் குடுத்துருவேன்" என்றார். பள்ளிக்கூடத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இருபத்தொரு வருஷத்தில் எனக்குத் தெரியாமல் உலகம் சட்டத்தை மாற்றிவிட்டது.

இன்னொரு சட்டமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது: முப்பது நகர்வுக்கு முன்னால் இருவரும் பேசிக்கொண்டு டிரா செய்யக் கூடாது.

லாட்ஜில் அறையைப் பங்கு போட ஒருத்தி கிடைத்தாள். பியூலா, தூத்துக்குடி, துறைமுகத்தில் வேலை, முப்பது வயது இருக்கும். ரேட்டிங்கில் என்னைவிட எங்கேயோ மேலே. பல் துலக்கும்போதுகூடப் பேசுகிறாள்.

மே 5, செவ்வாய்

இரண்டு ரவுண்டு, இரண்டும் ஜெயம்! எழுதாமல் ஆடுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பேனாவை மடியில் வைத்து அதன்மேல் இடது கையை வைத்துக்கொள்கிறேன். வயிற்றுவலிக்காரி மாதிரி இருக்கிறதாம், பியூலா சொன்னாள்.

மே 6, புதன்

காலையில் ஜெயம். மதியம் முதலிடத்தில் இருக்கும் சென்னைப் பெண்ணோடு டிரா. அவளோடு டிரா! அதைக் கொண்டாட அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தேன்.

துணி துவைத்தேன். பியூலாவின் சுடிதாரையும் சேர்த்து அலசிப் போட்டேன், பதிலுக்கு அவள் கருவாட்டுப் பொடி தந்தாள். லாட்ஜ்காரர் வாசனை பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். என் கணவர் மிக்ஸி ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார். "ஏம்புள்ள, ஜெயிக்கற மாதிரி இருக்குதா?" என்றார். ஜெயிக்கவா வந்தேன், சும்மாதானே என்றேன். "செரி செரி. சும்மா போறவ பெட்டிக்கு அடியில ஸ்வெட்டர எதுக்கு மடிச்சு வெச்ச?" என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மே 7, வியாழன்

மறுபடி இரண்டும் ஜெயம். சாப்பாடு இறங்கவில்லை, பசியும் இல்லை. இன்று மணமேடை ஏறினேன், என் கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான். அன்று இவ்வளவு படபடப்பு இல்லை.

மே 8, வெள்ளி

எட்டாவது ரவுண்டும் ஜெயம்!! பெருமையாக எழுதுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். எனக்கு ஆறரைப் புள்ளி. சென்னைப் பெண்ணுக்கு ஏழு. ஆறரையில் என்னோடு நிற்பது இன்னொருத்தி மட்டும்தான்: என் அறைக்காரி பியூலா. மற்றவர்கள் எல்லோரும் ஐந்தரையும் அதற்குக் கீழும். சென்னைப் பெண்ணோடு நாங்கள் இருவருமே ஏற்கெனவே ஆடிவிட்டோம். ஆகவே நாளை கடைசி ரவுண்டில் நானும் பியூலாவும் மோத வேண்டும்.

கணக்கு இதுதான். டிரா ஆனால் இருவருக்கும் முதல் நான்கில் இடம், யாரும் அசைக்க முடியாது. ஜெயித்தால் கோப்பைக்கே வாய்ப்பு. தோற்கிறவள் பின்னால் வரும் கூட்டத்தோடு சமமாகிவிடுவாள். சமமானால் என் கதை முடிந்தது, முதல் ரவுண்டில் பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் தோற்றது அங்கே வந்து உதைக்கும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பியூலா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, நாளைக்கு எதுக்கு மண்டைய உடைக்கணும்? ஒரே நிலை மூணு தடவ வந்தா டிராதான, அதுக்கு முப்பது நகர்வு சட்டமெல்லாம் கிடையாதுல்லா. உங்க பிஷப் என் ராணிய வெட்டுத மாதிரித் தொடட்டும், ராணி ஒதுங்கட்டும், திரும்பத் தொடட்டும். பத்து மணிக்கெல்லாம் முடிச்சிருவோம். நீங்களும் உள்ள, நானும் உள்ள."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப் பேசி வைத்து ஆடுவது தப்பு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள் என்பதும் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றும் சொல்லியிருக்கலாம்.

"பார்க்கலாம்" என்றேன்.

அவள் சந்தோஷமாக இன்னொரு வடை வாங்கினாள்.

வீட்டுக்குப் போன் போட்டு அவரிடம் சொன்னேன். மகள் போனைப் பிடுங்கி, "அம்மா, டிரா பண்ணிட்டு வந்துரு, அது போதும்" என்றாள். போதும்தான். அரைப் புள்ளி போதும். அவள் ராணி ஒதுங்கும், என் பிஷப் தொடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தூக்கம் வரவில்லை என்றால் புழுக்கத்தினால்தான்.

மே 9, சனி, பஸ்ஸில்

எழுத்து கோணலாகத்தான் வரும். பஸ் குலுங்குகிறது, நானும் குலுங்குகிறேன். முதலிலிருந்து எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் ஒரே ஆட்டோவில் போனோம். மணமேடையில் இரண்டாவது பலகை, ரோஜா வளைவுக்கு நேர் கீழே. எனக்கு வெள்ளை. கை குலுக்கும்போது பியூலா கண்ணடித்தாள். அவள் பை மேஜைக்கடியில் தயாராக இருந்தது. ஆட உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிப்போடுகிறவள், இன்று அதைக்கூடக் கழற்றவில்லை.

எல்லாம் அவள் சொன்னபடி நடந்தது. என் பிஷப் அவள் ராணியைத் தொட்டது. ராணி ஒதுங்கியது. பிஷப் பின்னாலேயே போய்த் தொட்டது. ராணி பழைய இடத்துக்கு வந்தது. மறுபடியும் அதே. இன்னும் ஒரே ஒரு முறை பிஷப் திரும்பினால் மூன்றாவது தடவை, டிரா. பியூலா தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எப்போது பேனாவை எடுத்தேன் என்று தெரியாது. பிஷப் நகர்வைத் தாளில் எழுதிவிட்டேன். எழுதினால் இன்னொரு முறை பலகையைப் பார்க்க வேண்டும் அல்லவா? பழக்கம். பார்த்தேன். ராணி ஒதுங்கிப் போனதில் நடுவில் ஒரு சிப்பாய்க்கு வழி திறந்திருந்தது. நல்ல வழி. பெரிய ஆபத்தும் இருந்தது, என் ராஜாவுக்குப் பின்பக்கம் காலி. ஆனால் என்ன ஒரு வழி!

எழுதியதை அடித்தேன். சிப்பாயைத் தள்ளினேன்.

பியூலாவின் கை மூடியோடு நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன். மேஜைக்குக் கீழே செருப்பு கழலும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று.

ஞானசேகர் சார் வந்து அடித்திருந்த எழுத்தைக் காட்டி, "மேடம், எழுதிட்டு ஆடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? இந்த ஆட்டத்துல இது முதல் எச்சரிக்கை" என்றார். தலையாட்டினேன். காதுக்குள் ஏதோ நுழைந்தது, மண்டைக்குப் போகவில்லை.

ஏன் செய்தேன்? இருபத்தொரு வருஷம் கழித்து அந்த மேடையில் உட்கார்ந்து, பத்து மணிக்குக் கை குலுக்கிவிட்டுப் பஸ் ஏறினால், நான் ஆடினேன் என்று யாரிடம் சொல்வேன்? எனக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. இடமும் வேண்டியிருந்தது. சரி, எழுதியே விடுகிறேன்: இடம் வேண்டும். லீவு கேட்ட நாளிலிருந்து வேண்டும். ஸ்வெட்டருக்குத் தள்ளுபடியே இல்லை.

அதன் பிறகு என்ன ஆட்டம்! அவள் கோபத்தில் அடித்தாள், நான் வெறியில் அடித்தேன். என் சிப்பாய் முன்னேற முன்னேற அவள் காய்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. நான் ஜெயிக்கிறேன் என்று நெஞ்சு தம்பட்டம் அடித்தது. கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்பதுவரை போய்விட்டேன். அப்படிப் போகிறவர்களுக்கு என்ன ஆகுமோ அது ஆனது. அவள் குதிரை எங்கிருந்தோ தாவி என் ராஜாவையும் யானையையும் சேர்த்துத் தாக்கியது. மிச்சமிருந்த ஒரே யானையும் போயிற்று.

யானை இல்லாமல் அவளிடம் தப்பிக்க முடியாது. கீழே ஒவ்வொரு மேஜையாக முடிந்து, எல்லோரும் மேடையைச் சுற்றி வந்து நின்றார்கள். கடைசியில் எங்கள் ஆட்டம் ஒன்றுதான் மிச்சம். சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு நின்றார்கள். சும்மா கிடைத்த டிராவை உதைத்துவிட்டு, டிசம்பரையும் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது கண் மறைத்தது. என் கடிகாரத்தில் நொடிகள்தான் இருந்தன. ஒவ்வொரு நகர்வுக்கும் கிடைக்கிற அரை நிமிஷத்தில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது அவள் ராஜா இருக்கும் மூலை கண்ணில் பட்டது. ராணியை அனுப்பிச் செக் சொன்னேன். ராஜா ஒதுங்கியது. இன்னொரு பக்கத்திலிருந்து செக். ராஜா பழைய இடத்துக்கு. மறுபடி செக். காலையில் என் பிஷப்பும் அவள் ராணியும் ஆடிய அதே ஆட்டம், இப்போது என் ராணியும் அவள் ராஜாவும். ஒரு வித்தியாசம், அவளுக்கு ஒரு வழி இருந்தது. மூலைக்குத் திரும்பாமல் ராஜாவை ஓரமாக மேலே ஏற்றலாம். ஏற்றினால் என்ன ஆகும்? எனக்குத் தெரியவில்லை, பார்க்க நேரமில்லை. முதல் தடவை அவள் நெடுநேரம் யோசித்து மூலைக்குத் திரும்பினாள். இரண்டாவது தடவை இன்னும் நேரம் எடுத்தாள். காயின் மேல் கையைக் கொண்டுபோய், எடுத்து, பிறகு மூலைக்கே திரும்பினாள். இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் ஏற்றிவிடுவாள் என்று என் நெஞ்சு சொன்னது.

மூன்றாவது தடவை அதே நிலை வந்தால் டிரா கேட்கலாம். ஆனால் காயை நகர்த்திவிட்டுக் கேட்டால் செல்லாது, முறை அவளுக்குப் போய்விடும்.

பேனாவை எடுத்தேன். ராணி நகர்வைத் தாளில் எழுதினேன். காயைத் தொடவில்லை.

ஞானசேகர் சார் பாய்ந்து வந்தார். "மேடம்! மறுபடியுமா? ரெண்டாவது..."

கடிகாரத்தை நிறுத்தினேன். "இல்லைங்க சார். டிரா கேக்கறேன். இந்த நகர்வோட அதே நிலை மூணாவது தடவ வருதுங்க. டிரா கேக்கறப்ப மட்டும் எழுதிட்டுத்தானுங்களே கேக்கோணும்?"

அவர் திறந்த வாயை மூடினார். இரண்டு தாள்களையும் எடுத்து, பக்கத்துப் பலகையில் நகர்வுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்த்தார். பியூலா தலை நிமிரவில்லை.

"சரியா இருக்கு. டிரா."

கைதட்டல்! கல்யாண மண்டபத்தில் இப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. யாரோ கெட்டிமேளம் என்றுகூடக் கத்தினார்கள். எனக்கு இடம். பியூலாவுக்கும் இடம். அவள் கையைக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டாள், பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்குப் போன் செய்தேன். "டிராவா? அதுக்கா இத்தனை நேரம்?" என்றார் அவர். பிறகு, "அழுவறயா புள்ள?" என்றார். இல்லை, சிரிக்கிறேன் என்றேன். இரண்டும்தான்.

பந்தியில் ரசம் ஊற்றும்போதுதான் அந்த எண்ணம் வந்து குத்தியது. அவள் ஏன் ராஜாவை மேலே ஏற்றவில்லை? ஏற்றியிருந்தால் என் செக்குகள் தீர்ந்துபோயிருக்கும், அவள் ஜெயித்திருப்பாள். அவள் ரேட்டிங்குக்கு அது தெரியாமலா இருக்கும்? இரண்டு தடவை யோசித்து, கையைக்கூடக் கொண்டுபோய் எடுத்தாளே! பாவம் அக்கா, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாளா? அப்படியானால் காலையில் நான் உதைத்த இனாம்தான் மத்தியானம் வேறு இலையில் வந்திருக்கிறது. பாயசம் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நிற்கிற இடத்தில் பியூலா வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை, திரும்பவும் இல்லை.

"பியூலா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. ராஜாவ மேல ஏத்தியிருந்தா நீ ஜெயிச்சிருப்பயா?"

"அப்படியாக்கா?" என்றாள். கடலையை நீட்டினாள்.

"எனக்காக உட்டயா?"

"நீங்களே பாத்துக்கிடுங்க."

என் பையில் இருந்த காந்தப் பலகையை எடுத்தேன். சிமெண்ட் பெஞ்சில் வைத்து அந்த நிலையை அடுக்கினேன். அவள் ராஜாவை மேலே ஏற்றினேன். செக் சொன்னேன், ராஜா இன்னொரு கட்டம் ஏறியது. இன்னொரு செக், இன்னும் ஏறியது. அவ்வளவுதான், என் ராணிக்கு வேறு செக் இல்லை. யானை இல்லாதவள் நான். தோல்வி, தெளிவான தோல்வி. ஒரு மதுரை பஸ் வந்து நின்றது, போயிற்று. அவள் ஏறவில்லை. தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன். ராஜா ஏறியது, செக், ஏறியது, செக், ஏறியது. ராணியையே பார்ப்பதை விட்டேன். பலகை முழுவதையும் பார்த்தேன். ஓரத்தில் என் சிப்பாய் ஒன்று, ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையாமல் நின்றது. அதை ஒரு கட்டம் தள்ளினேன்.

செக்மேட்.

கத்திவிட்டேன். நிஜமாகக் கத்திவிட்டேன், கண்டக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மேட்டு! பியூலா, மேட்டு! சிப்பாயில!"

அவள் கடலைத் தோலை ஊதினாள். முகத்தில் அவ்வளவு நேரம் அடக்கிவைத்த சிரிப்பு உடைந்துவிட்டது. "ஆமாக்கா. ராஜா வெளிய போயிருந்தா நான் செத்துருப்பேன்லா. ரெண்டு தடவயும் அந்தச் சிப்பாய் என்னையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதான் திரும்புனேன். நான் என்ன அன்னதானமா பண்ணுதேன்?"

"இதைக் கேட்டதும் சொல்றதுக்கு என்ன?"

"நேத்து 'பார்க்கலாம்'னு சொல்லிட்டு, இன்னைக்கு என்னைய அந்த மேடையில தவிக்க விட்டியள்லா? கொஞ்ச நேரம் நீங்களும் தவிங்கன்னுதான்." பிறகு சிரிப்பு குறைந்து, "உங்களப் பாத்துப் பயந்துட்டேன்கா. எட்டு ரவுண்டா பாக்கேன், நீங்க ஆடுத ஆட்டம் சும்மா வந்தவ ஆட்டமா? அதான் டீக்கடையில அப்படிக் கேட்டேன்" என்றாள்.

என்னைப் பார்த்து ஒருத்தி பயந்திருக்கிறாள்! இதை இன்னொரு முறை எழுத ஆசை. என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

அப்புறம் முதல் நகர்விலிருந்து மொத்த ஆட்டத்தையும் அடுக்கிச் சண்டை போட்டோம். இன்னும் இரண்டு மதுரை பஸ் போயிற்று. என் ஈரோட்டு பஸ்ஸும் போயிற்று. இப்போது நான் உட்கார்ந்திருப்பது அதற்கு அடுத்தது.

மே 10, ஞாயிறு, வீடு

துவைக்க ஒரு மூட்டைத் துணி. மஞ்சு ஒரு வாரத்தில் யாரையும் கொல்லவில்லையாம்.

மத்தியான வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். மகள் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டாள். கடையிலிருந்து சாப்பிட வந்த அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்து, "தோள்ல கொஞ்சம் லூசு. உள்ள இன்னொண்ணு போட்டுக்க, அங்க குளுரு பயங்கரமா இருக்குமாம்" என்றார். தேசியப் போட்டி எங்கே, எப்போது, எவ்வளவு குளிர் என்று எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார், எனக்கு முன்னாலேயே.

படத்தைப் பார்த்துப் பியூலா கூப்பிட்டாள். தூத்துக்குடியில் ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும், எனக்கும் ஒன்று வாங்குங்கள், டிசம்பரில் ஒரே அறை எடுத்துவிடுவோம் என்றாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

"அக்கா, அங்கேயும் கடைசி ரவுண்டுல நம்ம ரெண்டு பேரும் மோதுனா?"

இந்த முறை டம்ளரைப் பார்க்கவில்லை.

"செருப்பக் கழட்டிட்டு உக்காரு" என்றேன்.